ஆன்மிக உருவாக்கமும் முதுநிலை இறையியற் கல்வியும்

யாழ்ப்பாணத்திலிருந்து 1817-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த மெதடிஸ்த அருட்பணியாளர் ஜேம்ஸ் லிஞ்ச், 1819-இல் இராயப்பேட்டையில் ஒரு சிற்றாலயத்தைத் திறந்தார். அங்குள்ள வெஸ்லி ஆலயம் அப்பணியின் வழிவந்ததே. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்தர் கொணர்ந்த சீதனங்களுள் ஒன்று வகுப்புக் கூட்டம். ஆன்மிக உருவாக்கம் முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கப்படும் இந்நாளில், அச்சீதனத்தை மறந்துவிட்டு அப்பாடத்தை மதிப்பிட இயலாது.

வகுப்பு என்பது இங்கே கல்விக்கூட வகுப்பன்று. பிரிஸ்டல் நகரில் கட்டிய கூடத்தின் கடனைத் தீர்க்க, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு பென்னி கொடுப்பதென 1742-இல் முடிவாயிற்று. ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒரு தலைவர். காசு பெற வீடுவீடாகச் சென்ற தலைவர்கள், உறுப்பினர் சிலர் வாழவேண்டியவாறு வாழவில்லையெனக் கண்டு ஜான் வெஸ்லியிடம் கூறினர். தாம் நெடுநாள் தேடிய வழி இதுவே என அவர் உணர்ந்தார். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாயிற்று. பின்னர் உறுப்பினரே வாரந்தோறும் ஒன்றுகூடி ஒருவர்க்கொருவர் தம் நிலையைக் கூறலாயினர். (நம் சபைகள் பலவற்றில் இப்பயணம் எதிர்த்திசையில் நடந்து, சந்தாப் பதிவேட்டில் வந்து நின்றுவிட்டது என்பதை ஆயர்கள் அறிவர்.)

இனி, கல்வியின் பக்கம். 1827-இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக்கிடம் பட்டயம் பெற்ற செராம்பூர்க் கல்லூரியின் பெயரால் நம் மாணவர் இறையியற் பட்டங்கள் பெறுகின்றனர். பட்டம் என்றால் தேர்வும் மதிப்பெண்ணும் உண்டு. கிறிஸ்துவின் சாயலில் வளர்வதற்கு மதிப்பெண் இடுவது எவ்வாறு? இவ்வினாவை எழுப்பி, இப்பொருள் கல்லூரிக்குரியதே அன்று என முடிப்போர் உளர். அம்முடிபை நான் ஏற்கவில்லை. ஏற்க முடியாமைக்குத் தலையாய காரணம் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி.

பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து, 1950-இல் கோயம்புத்தூர்ப் பேராயரான இவர், யோவான் நற்செய்தியின் அனுபூதியை இந்து பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் 1922-இல் முனைவர் பட்டம் பெற்றார். கிறிஸ்தவத்தைப் பக்திமார்க்கமாக விளக்கி 1927-இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் அவ்வாய்வின் தொடர்ச்சி. யோவான் 10:30-ஐ அத்வைத ஐக்கியமாகக் கொள்வோரை மறுத்து, குமாரன் பிதாவோடு கொண்ட ஒருமை அன்பினாலும் சித்தத்தினாலும் ஆன ஒருமையே என அவர் நிறுவும் முறை கவனத்திற்குரியது. இங்கே இராமாநுசர் அவருக்குத் துணையாகிறார். தமிழ் அடியார்களின் பாடல்களும் சான்றாகின்றன. செபிக்கும் நெஞ்சும் ஆராயும் மதியும் ஒரே ஏட்டில் அமர முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் அவரது நூலில் ஒரு குறை உண்டு. அவர் வரையும் பக்தர் பெரும்பாலும் தனியர். இறைவனும் அடியாரும் எதிரெதிர் நிற்கின்றனர். அடுத்திருப்பவர் மங்கலாகவே தெரிகிறார். ஆனால் யோவான் 15-இல் நிலைத்திருத்தலைப் பற்றிய போதனை, ஒருவரிலொருவர் அன்புகூரும் கட்டளையோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளது. அதற்கு முன் 13-இல் கால் கழுவுதல் வருகிறது. பக்தி இலக்கியத்திலும் அடியார் கூட்டத்திற்கு எத்துணைச் சிறப்பு! அதை அப்பாசாமி போதிய அளவு பயன்கொள்ளாதது வியப்பே. மேலும், எந்தக் குரல்கள் சான்றாகக் கொள்ளப்படவில்லை என்ற கேள்வியும் உண்டு. 1980-களில் தலித் இறையியலை முன்வைத்த அரவிந்த் நிர்மல், ஒடுக்கப்பட்டோரின் வேதனையனுபவமே இறையறிவுக்கு வாயில் என வாதிட்டார். அவர் பணிபுரிந்த குருக்குல் கல்லூரி, இராயப்பேட்டைக்குச் சற்றுத் தொலைவில் கீழ்ப்பாக்கத்தில்தான் உள்ளது. சேரியின் செபத்தை அறியாத ஆன்மிகப் பாடத்திட்டம் பாதிப் பாடத்திட்டமே.

உருவாக்கம் என்னும் சொல்லுக்கே திரும்புவோம். கலாத்தியர் 4:19-இல் கிறிஸ்து உருவாகும் இடத்தைப் பவுல் பன்மையில் கூறுகிறார்: கிரேக்க மூலத்தில் 'உங்களில்' என்பது சபையை நோக்கியது. வினையோ செயப்பாட்டு வினை. பிரசவ வேதனை பவுலுடையது. அவ்வாறாயின், ஒரு மாணவர் நூலகத்தில் தனித்திருந்து ஈட்டிக்கொள்ளும் தகுதியாக இதைக் கருதுதல் மூலபாடத்திற்கே முரணானது. தீத்ரிக் போன்ஹோபர் 1935 முதல் 1937 வரை பின்கென்வால்டேயில் நடத்திய குருமடத்தில் பொதுச்செபமும் பாவ அறிக்கையும் கல்வியோடு ஒன்றாயிருந்தன. துறவுமடம்போல் உள்ளது என முணுமுணுத்தோர் இருந்தனர். இரகசியக் காவல்துறை அதை மூடியது; மாணவர் பலர் அதன்பின் சிறையையும் போர்முனையையும் கண்டனர்.

ஆகவே, முதுநிலை மாணவர் எழுதும் ஏட்டைப் பேராசிரியர் திருத்தட்டும். மொழியறிவையும் வரலாற்றறிவையும் ஈவிரக்கமின்றிச் சோதிக்கட்டும். மாணவரின் உள்ளத்தை அவர் அளக்க வேண்டா. அதற்குப் பதிலாக, படிக்கும் காலம் முழுவதும் மாணவர் ஒரு சபையில் பன்னிருவர் கொண்ட குழுவில் உறுப்பினராயிருத்தல் வேண்டும், தலைவராக அன்று. இராயப்பேட்டை போன்ற இடத்தில் அலுவலகப் பணியாளரும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் ஓய்வு பெற்றோரும் ஒரே குழுவில் அமர இடமுண்டு. அங்கே மாணவரின் கிரேக்கம் உதவாது. அவர் இவ்வாரம் யாரோடு சினந்தார் என்பதே கேட்கப்படும்.

இதற்கு ஒரு காவல் விதி தேவை. அக்குழுவில் பேசப்படும் எதுவும், பெயர் மறைத்தும்கூட, ஆய்வேட்டுக்குத் தரவாகக் கொள்ளப்படலாகாது. ஆய்வுக்குத் தரவு தேடும் மாணவருக்கு இது கடினமாயிருக்கும். அக்கடினத்தைக் கல்லூரிகள் எழுத்தில் விதித்தாலன்றிச் சபையார் வாய் திறவார்.