அனுபூதிப் பாடலும் சமூக எல்லைகளும்

அனுபூதி இலக்கியம் பற்றிய நமது திறனாய்வு இருவேறு போக்குகளிற் சென்றுள்ளது. ஒரு சாரார் அதனைச் சமய ஒருமைப்பாட்டின் சான்றெனப் போற்றுவர். முற்போக்காளருட் சிலர் வெறுங் கருத்துமுதல்வாதமெனத் தள்ளிவிடுவர். அப்பாடல்கள் எத்தகைய சமூக உறவுகளிடையே வழங்கின என்னும் வினாவை இரு சாராருமே எழுப்பத் தவறிவிட்டனர்.

தொண்டியை அடுத்த குணங்குடியிற் பிறந்த மஸ்தான் சாகிபு (1792–1838) தாயுமானவரின் வழியிற் பராபரக் கண்ணி பாடினார். இறைவனைக் காதலியாகப் பாவித்து மனோன்மணிக் கண்ணியும் இயற்றினார். சூபி ஞானி ஒருவருக்குச் சித்தர்களின் பரிபாஷை இயல்பாக வாய்த்தமைக்கு, சமயம் வேறாயினும் பொதுவாக நிலைத்த மொழியும் யாப்பும் இசையுமே அடிப்படையாம். ஏட்டறிவும் சடங்குரிமையும் சிலர் கையில் இருந்த சமூகத்தில், நேரடி அனுபவமே ஞானம் எனக் கூறியமை ஓர் எதிர்க்குரலே.

இம்மரபு யாழ்ப்பாணத்தில் அண்மைக்காலம் வரை உயிர்ப்புடன் இருந்தமைக்குக் குரு பாவா முஹைய்யத்தீன் சான்றாவார். அவர் தமிழிலேயே போதித்தார், பாடினார். யாழ்ப்பாணத்து ஆச்சிரமத்தில் அவரை நாடியோருட் பெரும்பாலோர் சைவர். 1971 இல் பிலடெல்பியா சென்ற அவர் 1986 இல் அங்கு மறைந்தார். வேலணைத் தீவிலுள்ள மண்கும்பானில், இயேசுவின் தாயாகிய மரியத்தின் பெயரால் அவர் எழுப்பிய பள்ளிவாசல் 1975 இல் நிறைவெய்தியது. மூன்று சமயங்களைச் சார்ந்தோரும் உரிமை பாராட்டக்கூடிய சின்னம் அது.

எனினும், இதே மண்ணில் 1968 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழையப் போராடவேண்டியிருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. பாடலில் அழிந்த எல்லை சமூகத்தில் அழியவில்லை. அதனைத் தாங்கி நின்ற காணியுரிமையையும் சாதியமைப்பையும் அதிகாரத்தையும் அனுபூதி தீண்டவில்லை.

இதனால் அப்பாடல்கள் பொய்யாகிவிடா. நடைமுறையிற் கிட்டாத சமத்துவத்தை மக்கள் அகவெளியில் அனுபவித்தனர். அவ்வேட்கை மெய்யானது, அது அகத்தில் அடங்கிப்போனமையே வரலாற்றின் துயரம். 2009 இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிய முஸ்லிம்கள் முதலில் எதிர்கொண்டவை வீடும் காணியும் பற்றிய வினாக்களே. மஸ்தானையும் பாவாவையும் அவ்வினாக்களோடு சேர்த்துப் படிப்பதே இன்று நமது திறனாய்வின் கடன்.