சக்... சக்... சக்!

பாலித் தீவுக்கு டூர் போகிறவர்கள் கையில் ஒரு அட்டவணையைத் திணித்துவிடுவார்கள். காலையில் கடலில் சர்ஃபிங், மதியம் ஆற்றில் ராஃப்டிங், சாயங்காலம் ‘கலாசாரம்’. அந்தக் கலாசாரம் பெரும்பாலும் கெச்சாக் நடனம்தான். தீவின் தென்கோடியில், உலுவாட்டு கோயிலை ஒட்டிய செங்குத்துப் பாறை மேல், சூரியன் கடலில் இறங்கும் நேரம் பார்த்து ஆரம்பிப்பார்கள்.

வாத்தியம் எதுவும் கிடையாது. வெறும் மார்பு, இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி. வட்டம் வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் ‘சக் சக் சக்’ என்று தொண்டையாலேயே தாளம் போடுகிறார்கள். உற்றுக் கேளுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்வதில்லை. ஒரு கோஷ்டி விட்ட இடைவெளியில் இன்னொரு கோஷ்டி புகுந்துகொள்கிறது. ஒருத்தர் பிசகினாலும் மொத்தமும் கொழகொழத்துவிடும். நடுவில் ராமன், சீதை, பொன்மான், ராவணன். கதை நமக்குத் தெரிந்ததுதான்.

‘ஆயிரம் வருஷப் பாரம்பரியம் சார்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. கொள்ளைநோயை விரட்டச் சிறுமிகளுக்கு அருள் வரவழைக்கும் சாங்யாங் என்ற சடங்கு அங்கே உண்டு. அதில் ஆண்கள் எழுப்பும் ஒலியைத் தனியே எடுத்து, ராமாயணத்தோடு சேர்த்து, வெளிநாட்டுப் பயணிகள் பார்க்கத் தோதாக 1930-களில் உருவாக்கினார்கள். ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸ், உள்ளூர் நடனக்காரர் வயான் லிம்பாக் இருவரையும்தான் அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்ப டூப்ளிகேட்டா? அப்படி ஒதுக்க எனக்கு மனசில்லை. அந்தத் தாளப் பின்னலை எந்த ஓவியராலும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட முடியாது. பாலியின் கெமலான் வாத்திய இசையிலேயே ஊறியது அது.

என் புகார் வேறு. அனுமன் வந்ததும் கூட்டத்துக்குள் புகுந்து சேஷ்டை செய்கிறார், போட்டோவுக்கு நிற்கிறார். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், சரி. ஆனால் அடுத்த காட்சியில் அவரைச் சுற்றித் தீ எரிகிறது. அதை அவர் காலால் உதைத்துச் சிதறடிக்கிறார். வயிறு கலங்க வேண்டிய இடம். இப்போதுதானே சிரிக்க வைத்தார்? பயம் எங்கிருந்து வரும்? நோய்க்குப் பயந்து தெய்வத்தைக் கூப்பிட்ட குரல் அது. அதன் மேல் இவ்வளவு தமாஷ் வேண்டாம்.

போனால், சூரியனைப் படமெடுக்க இடம் தேடாமல் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முக்கியமாக, கோயில் பக்கம் நடக்கும்போது மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். அங்கே நிஜக் குரங்குகளும் உண்டு. பிடுங்கினால், பழம் கொடுத்துத்தான் மீட்க வேண்டும்!