குரலும் கூற்றும்

பொப் இசைக்குழுவொன்றை மக்கள் நினைவிற் கொள்வது பெரும்பாலும் அதன் பாடகரின் குரலாலும் தோற்றத்தாலுமேயாம். ஆயின், நிலையான பாடகரின்றி, மேடையை நாடாது, ஒலிப்பதிவுக்கூடத்தையே களமாகக் கொண்ட குழுவொன்று தனித்தன்மை பெறல் கூடுமோ? இவ்வினாவை ஆராய்தற்கு ‘அலன் பார்சன்ஸ் புறொஜெக்ட்’ என்னும் பிரித்தானியக் குழு தக்க சான்றாகும்.

இக்குழுவின் மூலவர் இருவர். ஒருவர், பிங்க் புளொயிட் குழுவினரின் ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ (1973) என்னும் இசைத்தட்டுக்கு ஒலிப்பொறியியலாளராக விளங்கிய அலன் பார்சன்ஸ். மற்றவர் பாடலாசிரியராகிய எரிக் வுல்ப்சன். 1976 முதல் 1987 வரை இவர்கள் பத்து இசைத்தட்டுகளை வெளியிட்டனர். இயான் பெயான்சனின் கித்தார் அவையனைத்திலும் ஒலிக்கின்றது. பாடுவோரோ பாட்டுக்குப் பாட்டு மாறுகின்றனர்.

நம் அகப்பாடலிற் புலவர் ஒருவரே. கூற்று நிகழ்த்துவோரோ தலைவி, தோழி, செவிலி எனப் பலராவர். எட்கார் அலன் போவின் கதைகளையும் கவிதைகளையும் தழுவிய முதல் இசைத்தட்டில் (1976) இத்தகைய கூற்றுமுறையே காணப்படுகின்றது. கொலை செய்தவனே தன் மனக்கலக்கத்தைச் சொல்லும் ‘ரெல்-ரேல் ஹார்ட்’ ஆதர் பிறவுணின் வெறிமிக்க குரலுக்கு உரியதாயிற்று. இறந்த காதலியை நினைந்திரங்கும் பாடலை ரெறி சில்வெஸ்ரரின் மென்குரல் ஏற்றது. ‘றேவன்’ பாடலின் தொடக்கத்திற் பார்சன்ஸ் தம் குரலையே பொறியினூடு செலுத்தி, மனிதக் குரலோ அன்றோ என ஐயுறச் செய்தார். இங்குப் பாடகர் விருந்தினர் அல்லர், பாத்திரங்களாவர்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. கதைப்பொருள் மெலிந்த பிற்காலத் தட்டுகள் சிலவற்றிற் குரல்கள் மாறுகின்றன; பேசுவோர் மாறவில்லை. ஆங்கே பாடகர் மாற்றம் வெறும் அலங்காரமாக எஞ்சுகின்றது.

வுல்ப்சன் நெடுங்காலம் பிறர் பாடுதற்கு வழிகாட்டியாகவே தம் குரலைப் பதிந்து வந்தார். 1980இல் ‘ரைம்’ என்னும் பாடலை அவரே பாடினார். 1982இல் அவர் பாடிய ‘ஐ இன் த ஸ்கை’ அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடம் பெற்று, இக்குழுவின் மிகப்பெரும் வெற்றியாயிற்று. இதனாற் பிறர் குரலை நாடியமை வீண் என்று முடிவுசெய்தல் பொருந்தாது. அவ்விசைத்தட்டின் இறுதிப் பாடலாகிய ‘ஓல்ட் அன்ட் வைஸ்’ விடைபெறுவோன் ஒருவனின் கூற்று. கொலின் பிளண்ஸ்ரோனின் தணிந்த குரலன்றி வேறொன்று அதற்கு இயையுமெனக் கூறல் அரிது.

வுல்ப்சன் 2009இல் மறைந்தார். அவர் பாடல்கள் இன்றும் பல குரல்களில் ஒலிக்கின்றன. இக்குழுவின் தனித்தன்மை யாதொரு குரலிலும் தங்கியதன்று. இன்ன கூற்றுக்கு இன்ன குரல் எனத் தெரிந்த தேர்ச்சியிலேயே தங்கியது. அத்தேர்ச்சி வாய்த்தவிடத்து இசை உயர்ந்தது. தவறியவிடத்துத் தாழ்ந்தது என்க.