வயசு யாருக்குக் கூடுகிறது?

போன சாரலில் பெரியம்மாவை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அவர் அருவியில் தலை நனைத்தது அதுதான் முதல் தடவை. "இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு ஏன் வரல பெரியம்மா?" என்றேன். "தண்ணி விழுத மாசந்தானய்யா கார் நடவு. குனிஞ்சவ நிமிந்து பாத்தா சாரல் முடிஞ்சிருக்கும்" என்றார்.

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் அருவியையும் நிரப்புகிறது, கார் நெல்லுக்கும் தண்ணீர் தருகிறது. நாடே வந்து குளிக்கும் பருவமும் நம் பெண்கள் சேற்றில் நிற்கும் பருவமும் ஒன்றே. அந்த அருவிச் சத்தத்தில் எனக்குப் புறநானூற்றின் 243ஆம் பாட்டு ஞாபகம் வந்தது.

எம்.ஏ. வகுப்பில் அதைக் கேட்டுக் கண் கலங்கியவன் நான். ஒரு கிழவர் தன் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, மருத மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியது. இப்போது மிஞ்சியது பூண் கட்டிய கோலும், நடுக்கமும், இருமலுக்கு இடையே வரும் சில சொற்களும். அந்தக் கோலே புலவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயராயிற்று. முதுமை பற்றி இதைவிட நல்ல பாட்டு தமிழில் அரிது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் இதை 'மனிதனின் முதுமை' என்று பொதுவாக்கிச் சொல்லித் தருகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. அவர் இழந்தது, குதித்து விளையாட நேரமிருந்த ஒரு பிள்ளைப் பருவத்தை. அது வாய்க்காதவர் எதை இழப்பார்? பத்து வயதில் களை பறிக்கப் போனவர் பெரியம்மா. 'சின்னப்புள்ளையில' என்று பேச்செடுத்தால் நடவும் களையும் அறுப்பும்தான் வருகின்றன. ஏக்கம் வருவதில்லை.

வயது ஏற ஏற வருஷங்கள் ஓடுவதாகத் தோன்றுவதற்கு வில்லியம் ஜேம்ஸ் 1890இல் ஒரு காரணம் சொன்னார். சிறு வயதில் எல்லாம் புதுசு. ஒவ்வொன்றும் நினைவில் தனியே தங்குகிறது, காலம் நீளமாகத் தெரிகிறது. பிறகு பழக்கம் வந்து நாட்களை ஒன்றுபோல் ஆக்கிவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் வருஷங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. சரிதான். ஆனால் ஒன்றுபோன்ற நாட்கள் வயசான பிறகுதான் வருமா? கூலிக்காரப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே வந்துவிடுகின்றன. அந்தக் காலத்தைச் சுருக்கியது நரை அல்ல, சாதியும் கூலியும்.

1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இந்த இடத்தைத் தொட்டது. நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டியை அந்த வீட்டுப் பொடிசுகள் பேர் சொல்லிக் கூப்பிடுகின்றன. பாட்டி அந்தப் பொடிசை 'அய்யா' என்கிறார். அக்கா, அத்தை, பாட்டி என்று வயதுக்கு மரியாதை தரும் மொழி என்கிறோம். சாதி குறுக்கே வந்து நின்றால் எழுபது வயசும் செல்லாக்காசு.

'கருக்கு' வருஷ வரிசையில் போவதில்லை. வேலை, விளையாட்டு, படிப்பு, கோயில் என்று ஒரே பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. இதைக் கட்டுக்கோப்பு இல்லை என்பவர்கள், படிப்பு, பதவி, ஓய்வு என்று ஏணி ஏறியவரின் காலத்தையே தன்வரலாற்றுக்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். காயம் வரிசைப்படி ஆறுவதில்லை. அதே நூலில் விளையாட்டும் சிரிப்பும் உண்டு. சேரிப் பிள்ளைக்குப் பிள்ளைப் பருவமே இல்லை என்று நான் சொன்னால் அந்தப் பக்கங்களே என்னை மறுக்கும். ஆனால் அது வேலைக்கு நடுவே பிடுங்கிக்கொண்ட நேரம்.

பெரியம்மாவின் வயதை அரசாங்கம் அக்கறையாகக் கேட்டது முதியோர் உதவித்தொகைக்குத்தான். 2023இல் அது மாதம் 1200 ரூபாய் ஆனது. அறுபது ஆனதற்கு அத்தாட்சி கேட்டு ஓர் அலுவலகம் மூன்று முறை நடக்கவிட்டது. ஆதார் அட்டையில் அவர் பிறந்தது சனவரி 1. யாரோ போட்ட தேதி. அவர் கணக்கே வேறு: "தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல ஒங்க அண்ணன் கைப்புள்ள."

அருவியில் அரை மணி நேரம் நின்றார். கூப்பிட்டும் வரவில்லை. "இருய்யா, இப்பத்தான வந்திருக்கேன்." முழங்கால் தேய்ந்து நடவுக்கு ஆகாமல் போன பிறகுதான் அவருக்குச் சாரல் கிடைத்தது. முதுமையை இழப்பாக மட்டுமே வாசிக்கும் நம் திறனாய்வில் இந்தப் பேச்சுக்கு எங்கே இடம்?

243ஆம் பாட்டைத் தொடர்ந்து படிப்போம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். கூடவே ஒன்றைக் கேட்போம்: அந்தப் பையன் மடுவில் குதித்தபோது, கரைக்கு அந்தப் பக்கம் வயலில் குனிந்திருந்தது யார் வீட்டுப் பிள்ளை?