ஔவைக்கு முந்தைய சுந்தராம்பாள்

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் மைக்செட் கட்டினால் பாடகி கே.பி.சுந்தராம்பாள் குரல் இல்லாமல் தீராது. அந்தக் குரலுக்கு மேடைப் பேச்சாளர்கள் ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்கள்: கணவரை இழந்த துயரமே பக்தியாகக் கனிந்ததாம். கேட்க இதமான கதைதான். அந்தக் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்தவர்களால் இதற்குத் தலையாட்ட முடியாது.

கடித இலக்கியம் என்றதும் தமிழில் அண்ணாவும் மு.வ.வும் வந்து நிற்கிறார்கள். அவர்களுடையவை தபால்தலை ஒட்டாத கடிதங்கள். தம்பி பெயரில் ஊருக்கே எழுதியவை. டி.கே.சி.யின் கடிதங்களில் ரசனை மணக்கும். வீட்டுத் துக்கம் பூச்சில்லாமல் அச்சேறியது புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதியவற்றில்தான். குழந்தையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு முன்னால் கதாசிரியரின் நக்கல் வாயடைத்துப் போகிறது. பாடகிகளின் கடிதங்களுக்கோ இந்த மரியாதை கிடைத்ததில்லை. ஜி.என்.பாலசுப்பிரமணியத்துக்கு எம்.எஸ்.சுப்புலட்சுமி எழுதியவை டி.ஜே.எஸ்.ஜார்ஜின் நூலில் 2004இல் வெளிவந்தபோது சபா வட்டாரத்தின் வம்புக்குத் தீனியானதோடு சரி.

சுந்தராம்பாள் கதை இன்னும் மோசம். 1926இல் இலங்கை மேடையில் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட ஆகியிருக்காது. செங்கோட்டைக்காரரான கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இந்த ஜோடிக்குக் கொட்டகை கொட்டகையாகக் கூட்டம் சேர்த்தது. வள்ளியை முருகன் மணந்த தலம் என்று திருத்தணி இன்றும் பெருமைப்படுகிறது. வள்ளி இரண்டாம் தாரம் என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. மேடையில் அந்தக் கல்யாணத்துக்குக் கைதட்டல். அதே வாழ்க்கையை வாழ்ந்தவருக்குக் கிடைத்தது தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்காரும் வேலை.

கிட்டப்பா சொந்த ஊருக்குப் போய்விட்ட நாட்களில், வயிற்றில் பிள்ளையோடு எழுதிய கடிதங்கள் முக்கியமானவை. பதிக்குச் சொல்ல வேண்டிய நமஸ்காரமெல்லாம் முறைப்படி இருக்கிறது. அதன் அடியிலேயே மனத்தாங்கல், ஊர்ப்பேச்சுக்குப் பதில், மானத்தோடு கூடிய கோபம். பணிவு மொழியை வைத்துக்கொண்டே சண்டை போடத் தெரிந்த எழுத்து இது! பிறந்த குழந்தை தங்கவில்லை. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பாவும் போனார். அவருக்கு 27 வயது, சுந்தராம்பாளுக்கு 25.

பிறகு வெள்ளைச் சேலை, ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற சபதம். இதைத் துறவு என்று எழுதி எழுதியே நம் விமர்சகர்கள் கை சலித்துவிட்டார்கள். 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவர் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கேட்டு வாங்கினார்; அதுவும் ஆண் வேடத்துக்கு. நடித்த படத்தைக் கல்கி கிண்டலடித்தது வேறு விஷயம். நிபந்தனை போட்டுத் தொழில் செய்த அந்தப் பெண்ணுக்கும், கடிதத்தில் நியாயம் கேட்ட பெண்ணுக்கும் குரல் ஒன்றுதான். 1953இன் ‘ஔவையார்’ வந்து திருநீறு பூசிய கிழவியாக அவரை நிலைநிறுத்தியதும் முந்தையவள் காணாமல் போனாள். நஷ்டம் நமக்கு.

இனி வேண்டியது இன்னொரு புகழஞ்சலி மலர் அல்ல. அந்தக் கடிதங்களைக் கால வரிசைப்படுத்த வேண்டும். முடிந்தவரை எந்த ஊரில், எந்த நாடகத்துக்கு நடுவே எழுதியது என்று குறிப்பு வேண்டும். அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடக நோட்டீசுகளையும் இசைத்தட்டு விவரங்களையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்தக் கூடாது. முன்னுரையை மட்டும் தயவுசெய்து பக்திச் சொற்பொழிவாளர் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாம்.