ஹல் ஹவுஸ்: போணியாகாத சமையலறையும் ஜேன் கிளப்பும்

சமூக மையங்களைப் பற்றி யார் எழுதினாலும் சிகாகோவின் ஹல் ஹவுஸ் வந்துவிடும். 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறி ஆரம்பித்தது. இத்தாலியர், கிரேக்கர், யூதர் என்று புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. இருபது வருஷத்துக்குள் 13 கட்டடங்கள். ஆடம்ஸ் 1910-ல் எழுதிய 'ஹல் ஹவுஸில் இருபது ஆண்டுகள்' புத்தகத்தையும் இந்த வளர்ச்சிக்காகத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இரண்டு சின்னக் கதைகள்.

முதலாவது, பொதுச் சமையலறை. தையல் வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, சத்தான சாப்பாடும் இல்லைன்னு ஆய்வு செய்து கண்டுபிடித்தார்கள். அறிவியல் முறைப்படி சமைத்து மலிவாக விற்றார்கள். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வாங்கலை. அவரவர் ஊர் ருசி அவரவருக்கு. அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று ஆடம்ஸே ஒத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, ஜேன் கிளப். வேலைநிறுத்தம் வந்தால், தங்குமிடத்துக்குக் கட்டப் பணம் இல்லாத பெண்கள்தான் முதலில் பணிந்துபோக வேண்டியிருந்தது. நமக்கே நமக்குன்னு ஒரு விடுதி இருந்தால் என்னன்னு அந்தப் பெண்களே கேட்டார்கள். மையம் முதல் மாத வாடகையும் தட்டுமுட்டுச் சாமான்களும் கொடுத்தது, அவ்வளவுதான். 1891-ல் 15 பேர், மூன்றாம் வருஷ முடிவில் 50 பேர். நிர்வாகம் முழுக்க அவர்கள் கையில்.

ஒன்று அக்கம்பக்கத்தை ஆராய்ந்து செய்தது. மற்றது அக்கம்பக்கம் கேட்டுச் செய்தது. புத்தகம் இரண்டையும் சொல்கிறது, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. என் குறை அதுதான். 1895-ல் வீடு வீடாக வருமானம், பூர்வீகம் எல்லாம் வரைபடமாகப் போட்டார்கள். அபாரமான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒருவரைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது வேறு, முடிவை அவரிடம் விடுவது வேறு.

இந்த வித்தியாசம் 1960-களில் வெட்டவெளிச்சமானது. பல்கலைக்கழக வளாகத்துக்காக அந்தப் பகுதியை இடிக்க நகராட்சி முடிவெடுத்தது. ஃபுளோரன்ஸ் ஸ்காலா தலைமையில் அங்கே வசித்த பெண்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், நீதிமன்றமும் போனார்கள். மையத்தின் அறங்காவலர்களோ இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். மாளிகையும் சாப்பாட்டுக் கூடமும்தான் மிஞ்சின. அமைப்பு நகரின் வேறு பகுதிகளுக்குப் பரவி, பெரும்பாலும் அரசுப் பணத்தில் ஓடி, 2012 ஜனவரியில் மூடப்பட்டது.

ஒரு மையம் வளர்ந்ததா என்று பார்க்கக் கட்டடங்களை எண்ணிப் பிரயோஜனமில்லை. 'இது வேண்டாம்' என்று அந்தத் தெருக்காரர் சொன்னால் அங்கே அது செல்லுமா? அதைத்தான் கேட்க வேண்டும்.