யாருடைய காதுக்கு ஊதுகிறோம்?

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் நெல் வயல்கள். அறுவடை முடிந்த வயல்களில் குளிர்காலத்தில் தண்ணீர் தேக்கி வைப்பார்கள். வடக்கே கனடாவிலிருந்து மிசிசிப்பி ஆற்றின் தடத்தைப் பிடித்து இறங்கி வரும் காட்டு வாத்துகள், சிந்திக் கிடக்கும் நெல்லைத் தேடி அங்கே கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ‘அரிசிக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகர்’ என்று அந்த ஊர் தன்னை அழைத்துக்கொள்கிறது. அங்கே 1936 முதல் நவம்பர் கடைசியில் ஒரு போட்டி நடந்து வருகிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத குழலை வாயில் வைத்து, வாத்தைப் போல யார் நன்றாக ஊதுகிறார்கள் என்பதே போட்டி. முதல் ஆண்டுப் பரிசு 6 டாலர் 60 சென்ட் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு. இன்று அந்தப் போட்டியில் பட்டம் வெல்பவரின் பெயரே ஊதல் விற்கும்.

வேட்டைக்காக வாத்தை அழைக்கும் இந்தக் குழலை, அதாவது வாத்து ஊதலை, வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார். கடையில் நாலைந்தை எடுத்து ஊதிப் பார்க்கிறார். எது அறையை அதிரவைக்கிறதோ, எதன்மேல் பட்டம் வென்றவரின் முத்திரை இருக்கிறதோ, அதற்குப் பணம் கட்டிவிட்டு வருகிறார். இந்த வழக்கத்தில் நியாயமும் உண்டு, கோளாறும் உண்டு. கோளாறின் வேர் ஒன்றுதான். ஊதலைத் தேர்ந்தெடுப்பது மனிதக் காது. பதில் சொல்ல வேண்டியதோ வாத்தின் காது. அந்த இரண்டு காதுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்த்தால்தான் நல்ல ஊதல் எது என்று சொல்ல முடியும்.

குழலுக்குள் இருப்பது

ஊதலின் இரு பாகங்களையும் மெல்லத் திருகி இழுத்தால் தனித்தனியாகக் கழன்று வரும். வாய் வைக்கும் பக்கம் வெறும் குழல். மறுபக்கம் உள்ளே நுழையும் செருகு. செருகின்மேல் லேசாக வளைத்து இழைத்த ஒலிப்பலகை, அதன் நடுவே நீளவாட்டில் ஒரு பள்ளம். பலகைமேல் மைலார் பிளாஸ்டிக்கில் வெட்டிய மெல்லிய நாக்கு. நாக்கின் அடியை அசையாமல் பிடிக்க ஒரு தக்கை. அவ்வளவுதான் கருவி. நாக்குக்கும் பலகைக்கும் இடையே காற்று புகும்போது நாக்கு படபடத்து அதிர்கிறது. அந்த அதிர்வே குரல். நாகசுரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கு இந்த நாக்கு அப்படி. நாக்கின் முனையை ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டினால் சுருதி ஏறிவிடும். பலகையை இழைத்த கையின் பக்குவம்தான் ஊதலின் குணம்.

விலை ஏறுவதோ வெளியுடம்பில்தான். அச்சில் வார்த்த பாலிகார்பனேட் ஊதல் 20, 30 டாலருக்குக் கிடைக்கும். கடைந்து மெருகேற்றிய அக்ரிலிக் ஊதல் 150 டாலரைத் தாண்டும். அக்ரிலிக்கின் பெருமை பொய்யல்ல. அது இறுகிய பொருள். ஒலி கூர்மையாக, தெறிப்பாக வெளியே போகும். மழையிலும் பனியிலும் அதன் அளவு மாறாது. மர ஊதலின் குரல் தணிந்தது, கனிந்தது. ஆனால் எச்சிலும் ஈரமும் பட்டால் மரம் உப்பும், செருகு சிக்கிக்கொள்ளும், பராமரிப்பு கேட்கும். ஆகவே, பொருளைத் தேர்வது குரலின் கூர்மையையும் உழைக்கும் காலத்தையும் தேர்வதுதான். உள்ளே இருக்கும் நாக்கும் பலகையும் சரியில்லை என்றால், 150 டாலர் அக்ரிலிக் அந்தப் பிழையை இன்னும் உரக்கச் சொல்லும், வேறொன்றும் செய்யாது.

தடை வளர்த்த கலை

வாத்தை அழைக்க மனிதர் எப்போதும் ஊதிக்கொண்டிருந்ததில்லை. பழக்கிய பெண் வாத்துகளைக் காலில் கயிறு கட்டி நீரில் விடுவது அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழைய வழி. அவை கத்தும், காட்டு வாத்துகள் நம்பி இறங்கும். இப்படி ஓர் உயிரைக் காட்டி அதன் இனத்தைப் பிடிக்கும் வழியைப் பழந்தமிழரும் அறிந்திருந்தார்கள். அப்படிப் பழக்கிய விலங்குக்கும் பறவைக்கும் ‘பார்வை’ என்று பெயர். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1935இல் உயிருள்ள பார்வை வாத்துகளைத் தடை செய்தது. பதிவு செய்த குரலை மின்கருவியில் ஒலிக்கவிட்டு வாத்து வேட்டையாடவும் இன்று அங்கே அனுமதியில்லை. ஆக, வேட்டைக்காரர் கையில் மிஞ்சியது பொம்மை வாத்துகளும் தன் சொந்த மூச்சும்தான்.

ஊதல் என்னும் வழக்கத்தின் முதல் வலிமை இங்கேதான் இருக்கிறது. தன் மூச்சால் பறவையோடு பேச வேண்டும் என்றால், பறவையின் பேச்சை முதலில் கற்க வேண்டும். மல்லார்ட் என்னும் காட்டு வாத்து இனத்தில் ‘க்வாக்’ என்று உரக்கக் கத்துவது பெண் வாத்து. பச்சைத் தலையும் மினுமினுப்புமாக இருக்கும் ஆணுக்கு அந்தக் குரலே வராது; அது கரகரப்பாக மெல்ல முனகும். பெண் தொலைவிலுள்ள துணையைக் கூப்பிடும்போது முதல் குரல் ஓங்கி வந்து, அடுத்தடுத்த குரல்கள் தணிந்துகொண்டே போகும். இதையெல்லாம் கூர்ந்து கேட்டவர் சுடுவதற்கு முன்பே பறவையை அறிந்தவராகிறார்.

இரண்டாவது வலிமை அறம் சார்ந்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. இப்போது பெரும்பாலானோர் பயன்படுத்தும் எஃகுக் குண்டு இலகுவானது, தூரம் போகப் போக வேகம் சீக்கிரம் குறையும். 35, 40 கஜத்துக்கு அப்பால் சுட்டால் பறவை சாகாமல் காயத்தோடு பறந்துபோய் எங்கோ துடிக்கக்கூடும். நல்ல அழைப்பு பறவையை அருகில் கொண்டு வருகிறது. வேட்டையை ஏற்பவரும் சரி, ஏற்காதவரும் சரி, குறிதவறிக் காயப்படுத்துவது எல்லாவற்றிலும் கொடியது என்பதில் ஒத்துப்போவார்கள். அந்தக் கொடுமையைக் குறைக்கும் கருவி என்பதாலேயே ஊதலைத் தேர்வதில் அக்கறை வேண்டும்.

நிலத்துக்கு ஒரு குரல்

இந்தக் கருவியின் வரலாற்றைப் பார்த்தால், நல்ல ஊதல் எதுவும் கடை மேசையில் பிறக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நீர்நிலைக்கு விடையாகப் பிறந்தது. டென்னசி மாநிலத்தின் ரீல்ஃபுட் ஏரி 1811, 1812 ஆண்டுகளின் நிலநடுக்கங்களால் உண்டானது, பரந்த நீர்ப்பரப்பு. அங்கே வளர்ந்த ஊதல்களில் உலோக நாக்கு. நெஞ்சு வலுவைக் கேட்கும், ஆனால் ஏரியைத் தாண்டிக் குரல் போகும். லூசியானாவின் கடலோரச் சதுப்புகளில் நாணல் தண்டைக் குடைந்து செய்த ஊதல்கள் பிறந்தன. குரல் மெல்லியது, மூச்சு அதிகம் கேட்காது. இல்லினாய் மாநிலத்தின் பீகின் ஊரில் ஓல்ட் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடின ரப்பரில் வார்த்த டி-2 ஊதல் நாடெங்கும் பரவியது. ஆர்க்கன்சாக்காரர்கள் அதன் நாக்கையும் பலகையையும் வெட்டிக் குறுக்கி, வெள்ளம் தேங்கிய ஓக் காட்டில் எதிரொலிக்கும் முரட்டுக் குரலாக்கினார்கள். ‘வெட்டுக் குழல்’ என்று அதற்கே தனி மரபு உண்டு.

இந்த மரபுகளில் எது சிறந்தது என்று கேட்பது, நாட்டுப்படகு சிறந்ததா, பரிசல் சிறந்ததா என்று கேட்பதைப் போன்றது. எந்தத் தண்ணீர் என்று முதலில் சொல்ல வேண்டும். காற்றடிக்கும் திறந்த ஏரிக்கு உரத்த அக்ரிலிக் வேண்டும். மரங்கள் நாற்புறமும் நிற்கும் காட்டில் அதே ஊதல் பறவையை விரட்டும். அங்கே வேட்டைக்காரர் மரத்தோடு மரமாக ஒட்டி நின்று, காலால் நீரை உதைத்து அலை எழுப்புவார். மேலிருந்து பார்க்கும் வாத்துக்குக் கீழே தன் இனம் நீந்துவதாகத் தோன்றும். அந்த அலையோடு இரண்டு மூன்று தணிந்த குரல் போதும். பட்டம் வென்றவர் பெயர் பொறித்த பெட்டியில் இந்தக் கேள்விக்கு விடை இருக்காது.

ஒற்றை நாக்கும் இரட்டை நாக்கும்

தேர்வில் அடுத்த முடிச்சு இது. ஒற்றை நாக்கு ஊதலில் வீச்சு அதிகம். காதோரம் கிசுகிசுப்பதிலிருந்து ஊரைக் கூட்டுவது வரை ஒரே குழலில் ஊதலாம். ஆனால் அது மூச்சை மன்னிக்காது. கன்னத்தை உப்பி ஊதினால் கீச்சிடும். அடிவயிற்றிலிருந்து, கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவதுபோல் சூடான மூச்சை அழுத்தித் தள்ள வேண்டும். இரட்டை நாக்கு அப்படியல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக இரு நாக்குகள் அதிர்வதால் கரகரப்பு தானாகவே வரும்; தொடக்கக்காரரும் சீக்கிரமே நம்பத்தக்க ‘க்வாக்’ ஊதிவிடுவார். 1970களில் லூசியானாவில் ஃபில் ராபர்ட்சன் தொடங்கிய டக் கமாண்டர் நிறுவனம் இரட்டை நாக்கு ஊதலால்தான் பெயர் பெற்றது. இதன் குறை, உச்சக் குரலில் வலு குறைவு. கலைத்துப் பிரித்தால் பழையபடி பொருத்துவதும் கடினம்.

போட்டி மேடை ஒற்றை நாக்கையே விரும்புகிறது. கடைகளும் அதையே உயர்ந்த வகையாக விற்கின்றன. இங்கேதான் வழக்கத்தின் பெரிய தவறு நடக்கிறது. ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் வேட்டைக்குப் போகிறவர், பயிற்சிக்கு நேரமில்லாதவர், சாம்பியனின் ஒற்றை நாக்கை வாங்கி அரைகுறையாக ஊதுகிறார். அவருக்கு 25 டாலர் இரட்டை நாக்கு ஊதலே தகும். அதைச் சொல்லும் நேர்மை விற்பவருக்கும் வேண்டும், வாங்குபவருக்கும் வேண்டும்.

மேடையும் சதுப்பும்

போட்டியைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. ஸ்டட்கார்ட் மேடை இந்தக் கலையை அழியாமல் காத்தது, நுட்பத்தை வளர்த்தது. 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டத்தை வென்றவர் பாட் பீகாக் என்ற பெண். ஆண்களின் கோட்டை என்று நினைத்த துறையில் ஒரு பெண்ணின் மூச்சு முதலிடம் பெற மேடை வழிசெய்தது. தொடக்க காலச் சாம்பியன்களில் கருவியே இல்லாமல் தொண்டையாலேயே குரல் எழுப்பி வென்றவரும் உண்டு. அது ஒன்றே போதும், ஊதலைவிட ஊதுபவரே முக்கியம் என்று காட்ட.

ஆனால் மேடைக்கு நேரம் ஒன்றரை நிமிடம். அதற்குள் தொலை அழைப்பு, இணை அழைப்பு, மேய்ச்சல் முணுமுணுப்பு, திரும்ப அழைக்கும் குரல் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். ஆகவே மேடை ஊதல் உச்சத்துக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி இழைக்கப்படுகிறது. சதுப்பில் பறவை ஒன்றரை நிமிடம் இடைவிடாமல் கத்துவதில்லை. மேயும் கூட்டத்தை உற்றுக் கேட்டால் விட்டு விட்டு வரும் சிறு ‘டிக்’ ஒலிகளும் நீர்ச் சலசலப்புமே அதிகம். மேடைக்குப் பழகியவர் காட்டிலும் இடைவிடாமல் ஊதுகிறார். பொது நிலங்களில் நூறு பேர் ஒரே உச்சக் குரலை ஊதும்போது, வடக்கிலிருந்து வழிநெடுகத் துப்பாக்கிச் சத்தத்தோடு சேர்த்து அந்தக் குரலைக் கேட்டு வந்த வாத்து, அதைக் கேட்டதும் விலகிப் போகக் கற்றுக்கொள்கிறது. அழைப்பதற்கென்று செய்த கருவி எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. வாத்தின் வாலையும் சிறகு நுனியையும் பார்த்து ஊது, முகம் உன்னை நோக்கித் திரும்பியதும் நிறுத்து என்பது அனுபவசாலிகளின் பழைய பாடம். எந்த ஊதலின் பெட்டியிலும் மௌனத்தைச் சேர்த்து விற்பதில்லை.

மல்லார்ட் ஒன்றையே வாத்து என்று நினைப்பது இன்னொரு குறை. ஊசிவால் வாத்தின் ஆண் சீழ்க்கை அடிக்கும். பச்சைச் சிறகுக் கிளுவையின் ஆணும் அப்படியே. சில டாலருக்குக் கிடைக்கும் ஒரு சீழ்க்கைக் குழல் இவற்றை அழைக்கும். ஊதத் தெரியாத சிறுவனும் அதை ஊதலாம். ஊதலுக்கு அஞ்சிப் பழகிய மல்லார்ட்கூட அந்தச் சீழ்க்கையில் ஐயம் கொள்வது குறைவு. அடுக்கடுக்காக ஊதல்களைக் கழுத்தில் தொங்கவிடுபவர்களில் பலரிடம் அது மட்டும் இருக்காது.

தேர்வுக்கு ஒரு வழி

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் நிலம்: ஏரியா, சதுப்பா, காடா? இரண்டாவது மூச்சு: நாள்தோறும் பயிற்சி செய்ய நேரம் உண்டா? உண்டென்றால் ஒற்றை நாக்கு, இல்லையென்றால் இரட்டை. மூன்றாவது தணிவு. கடையில் உரக்க ஊதிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, குழலின் வாயைக் கையால் பொத்தி, முடிந்த அளவு மெல்ல ஊதிப் பார்க்க வேண்டும். மெல்ல ஊதும்போதும் உடையாமல், கரகரப்பு குன்றாமல் பேசும் ஊதலே நல்ல ஊதல். உரத்த குரல் பெரும்பாலான ஊதல்களில் வரும். அடங்கிய குரல் நன்றாக இழைத்த பலகையில் மட்டுமே வரும். நான்காவது பராமரிப்பு: உறைபனிக் காலையில் எச்சில் பட்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு டாலர் நோட்டை நாக்கின் அடியில் நுழைத்து மெல்ல இழுத்து, துரும்பையும் ஈரத்தையும் எடுத்துவிட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். விலையும் முத்திரையும் கடைசியில் வரட்டும்.

ஊதல் வாங்க நினைப்பவருக்குச் சொல்ல ஒன்றுண்டு. பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு காலை, துப்பாக்கி இல்லாமல், ஊதலும் இல்லாமல், வாத்துகள் இறங்கும் நீரோரம் போய் உட்காருங்கள். அவை எவ்வளவு நேரம் பேசுகின்றன, எவ்வளவு நேரம் பேசாமலிருக்கின்றன என்று கேளுங்கள். பிறகு அந்தக் காதோடு கடைக்குப் போங்கள்.